உரிந்த சில்லின் முதுகு

மரப்பலகை போர்த்திய வெளிச்சுவரில் பெயிண்ட் உரிந்திருப்பதைப் பார்த்தால் கை முதலில் சுரண்டியைத்தான் தேடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் வீட்டு மேற்குச் சுவரில், பெரிய ஜன்னலுக்குக் கீழே நான்கு பலகைகளில் பெயிண்ட் உரிந்தது. சுரண்டினேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், பிரைமர் அடித்தேன், அதன் மேல் இரண்டு கோட் பெயிண்ட். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே நான்கு பலகைகளில், கிட்டத்தட்ட அதே வடிவத்தில் மறுபடியும் உரிந்தது. இன்னும் நல்ல பெயிண்டாக வாங்கி அடித்துப் பார்த்தேன். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடுக்குகளையும் சீலண்ட் வைத்து ஒன்றுவிடாமல் அடைத்தேன். அந்த முறை இன்னும் சீக்கிரம் உரிந்தது.

மூன்றாவது முறை சுரண்டியை எடுக்கவில்லை. பழைய கடித உறைகள் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். தானாகவே கழன்று நிற்கும் சில்லுகளை மட்டும் எடுத்து உறையில் போட்டேன். உறையின் மேல் எந்தச் சுவர், தரையிலிருந்து எத்தனை அடி, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுதினேன். மேஜையில் வெள்ளைத்தாள் விரித்து எல்லாச் சில்லுகளையும் கவிழ்த்துப் போட்டேன். நான்கு வருடமாக எனக்குப் புரியாமல் இருந்தது அந்த அரை மணி நேரத்தில் பாதி புரிந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் வீடு பழையது என்றால், சில்லைத் தொடுவதற்கு முன்பே அதில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் வெளிச்சுவர்ப் பெயிண்டுகளில் ஈயம் தாராளமாக இருந்தது. அமெரிக்காவே 1978-இல்தான் வீட்டுப் பெயிண்டில் அதைத் தடை செய்தது. ஈயம் கலந்த பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்த்தால் வரும் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நெருப்பு காட்டி உரித்தால் புகையோடு ஈயமும் மூச்சில் போகும். சோதனையில் ஈயம் இருப்பது தெரிந்தால் ஈரப்படுத்தித்தான் சுரண்ட வேண்டும், கீழே தார்ப்பாய் விரித்துச் சில்லு ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும், முறையான முகக்கவசம் போட வேண்டும். நிறைய இடத்தில் இருக்கிறது என்றால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுவதுதான் சரி. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சரி, சில்லுக்கு வருவோம். கவிழ்த்துப் போட்டவற்றில் மூன்று விதமான முதுகுகள் இருந்தன.

சிலவற்றின் பின்னால் சாம்பல் நிறத்தில் மெல்லிய மர இழைகள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. சிலவற்றின் முதுகு சுத்தமாக, வழவழப்பாக இருந்தது. மரத்தின் ரேகை அதில் அச்சுப்போல் பதிந்திருந்தது, ஆனால் மரம் துளிகூட ஒட்டவில்லை. இன்னும் சிலவற்றின் முதுகில் மரமே தெரியவில்லை. பழைய பெயிண்டின் மேலிருந்து கழன்று வந்தவை அவை. விரலால் தடவினால் மாவுபோல் வெள்ளைப் பொடி ஒட்டியது.

மூன்றுமே சுவரில் இருக்கும்போது ஒரே மாதிரிதான் தெரிந்தன. காரணங்கள் மூன்றும் வேறு.

இழை ஒட்டிய சில்லில் பெயிண்ட் தன் பிடியை விடவே இல்லை. விட்டது மரத்தின் மேல்தோல். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர், மர இழைகளைப் பசைபோல் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினை அரிக்கிறது. வெறும் மரத்தை வெயிலில் விட்டால் இரண்டு மூன்று வாரத்திலேயே பெயிண்ட் பிடிப்பு குறைய ஆரம்பித்துவிடும், கண்ணுக்கு மரம் புத்தம் புதிதாகத் தெரிந்தாலும்கூட. மேடிசன் நகரில் 1910-இல் தொடங்கிய அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வகத்தில் இதைப் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். என் தெற்குச் சுவரில் நடந்தது இதுதான். முதல் வருடம் அதைச் சுரண்டி வைத்துவிட்டு வேறு வேலையாக ஒன்றரை மாதம் விட்டுவிட்டேன். திரும்பி வந்து தூசு தட்டி நேரே பிரைமர் அடித்தேன். பெயிண்ட் ஒட்டியது செத்த தோலின் மேல். 80 எண் உப்புத்தாளால் அந்தத் தோலைத் தேய்த்து, அடியில் இருக்கும் நல்ல மரம் தெரிந்த பிறகு அடித்திருக்க வேண்டும்.

பெயிண்டிலிருந்து பெயிண்ட் கழன்ற சில்லுகள் பெரும்பாலும் வடக்குச் சுவரில், கூரை இறப்புக்கு, அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரத்துக்கு, நேர் கீழே கிடைத்தவை. இது முதலில் எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. வீட்டிலேயே மழையும் வெயிலும் படாத இடம் அது. படாததுதான் காரணம். மற்ற சுவர்களை மழை கழுவிக்கொண்டே இருக்கிறது. இறப்புக்குக் கீழே அழுக்கும் உப்பும் வருடக்கணக்கில் படிந்து அப்படியே நிற்கின்றன. பழைய பெயிண்ட் வயதாகி மேலே பொடியாகி நிற்கும். அதன் மேல் கழுவாமல் அடித்தால் புதுப் பெயிண்ட் பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும், சுவரை அல்ல. அந்த இடத்துக்கு வைத்தியம் எளிது: சோப்புத்தண்ணீரும் மெல்லிய பிரஷும், பிறகு நிறைய நல்ல தண்ணீர். காய்ந்ததும் கறுப்புத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணி வெளுத்தால் இன்னும் கழுவ வேண்டும்.

கடைசியாக அந்தச் சுத்தமான முதுகு. மேற்குச் சுவரின் நான்கு பலகைகளிலிருந்து வந்த சில்லுகள் அத்தனையும் இந்த வகை. மரமும் பெயிண்டும் சேதமில்லாமல் பிரிந்திருந்தால் நடுவில் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். அதுவும் பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்து.

இது ஏன் என்று புரிய மரத்தின் குணம் கொஞ்சம் தெரிய வேண்டும். வெட்டிப் பலகையாக்கி எத்தனை வருடமானாலும் மரம் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். வாங்கும்போது உப்பும், விடும்போது சுருங்கும். நீளவாக்கில் இந்த அசைவு இல்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில் அப்படியில்லை. ஈரம் 12 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு ஏறினால் 150 மில்லிமீட்டர் அகலப் பலகை ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் விரியும். மேலே இருக்கும் பெயிண்ட் படலமோ பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். அந்தப் படலம் ஒவ்வொரு மழைக்கும் வெயிலுக்கும் இந்த விரிவைத் தாங்கி நீள வேண்டும். அப்புறம், பலகையின் மேல் நீங்கள் பார்க்கும் கருத்த ரேகைகள் இருக்கின்றனவே, அவை ஆண்டு வளையத்தின் அடர்த்தியான பகுதி. அவைதான் அதிகம் உப்புகின்றன, அவற்றில்தான் பெயிண்ட் குறைவாகப் பிடிக்கிறது. அகன்ற அலை அலையான ரேகை உள்ள பலகையில் சீக்கிரம் உரிவதற்கும், நெருக்கமான நேர்க்கோட்டு ரேகை உள்ள பலகையில் பெயிண்ட் நீண்ட நாள் நிற்பதற்கும் இதுதான் காரணம். சொரசொரப்பாக அறுத்த பலகை, வழவழப்பாக இழைத்ததைவிடப் பெயிண்டை நன்றாகப் பிடிக்கும் என்பதையும் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அழகுக்காக இழைத்த முகத்தை வெளியே வைத்துவிட்டு, பெயிண்ட் ஏன் நிற்கவில்லை என்று கேட்கிறோம்.

இரண்டு ஊசி உள்ள ஈரமானி ஒன்றை வாங்கினேன். பெயிண்டைத் துளைத்து ஊசி மரத்துக்குள் போனால் ஈரம் எவ்வளவு என்று காட்டும். மழை நின்று பத்து நாளான பிறகும் அந்த நான்கு பலகைகளில் 24, 26 என்று காட்டியது. இரண்டடி தள்ளி அதே சுவரில் 14. பெயிண்ட் அடிக்க மரம் 15-ஐ ஒட்டி இருக்க வேண்டும்; 20-ஐத் தாண்டினால் தொடவே கூடாது. 28, 30-ஐ எட்டி அங்கேயே நின்றால் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். குத்தூசியால் ஒவ்வொரு பலகையையும் குத்திப் பார்த்தேன். மரம் இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது. எனக்குப் பெரிய நிம்மதி.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை எங்களுக்கு வேலை செய்யும் தச்சர் அண்ணன்தான் காட்டினார். அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. ஜன்னலின் அடிக்கட்டைக்குக் கீழே விரலை விட்டுத் தடவினார்.

"ஒரு சொம்புத் தண்ணி கொண்டா தம்பி."

ஜன்னலின் அடிக்கட்டை மேல் மெதுவாக ஊற்றினார். தண்ணீர் விளிம்பு வரை ஓடி வந்தது. அங்கே சொட்டி விழ வேண்டியது விழவில்லை. கட்டையின் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே பின்னோக்கி நடந்து, சுவரைத் தொட்டு, மேல் பலகைக்குப் பின்னால் போய் மறைந்தது.

அடிக்கட்டையின் கீழே நீளமாக ஒரு சொட்டுக் காடி வெட்டியிருப்பார்கள். ஒரு விரற்கடைகூட இல்லாத பள்ளம். ஒட்டிக்கொண்டு வரும் தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். எங்கள் ஜன்னலில் அந்தக் காடி வருடா வருடம் அடித்த பெயிண்டாலும், ஒழுங்காகத் தெரியட்டும் என்று நான் வைத்த பட்டியாலும் நிரம்பிப் போயிருந்தது.

பிறகு அவர் ஒரு பலகையைக் கழற்றினார். முன்பக்கம் ஐந்தாறு கோட் பெயிண்ட். பின்பக்கம் வெறும் மரம், நடுவில் ஆற்றங்கரை போல் கறுத்த ஈரக்கோடு. "முன்னால இத்தன கோட்டு, பின்னால ஒண்ணுமில்ல. தண்ணி எந்தப் பக்கம் குடிக்கும் சொல்லு" என்றார். பலகையின் வெட்டுமுனைகளும் வெறுமையாகவே இருந்தன. மரத்தின் இழைகள் நுண்ணிய குழாய்க் கட்டுபோல் நீளவாக்கில் ஓடுகின்றன. வெட்டுமுனையில் அந்தக் குழாய்கள் எல்லாம் வாய் திறந்து நிற்கின்றன. பலகையின் முகம் குடிப்பதைவிடப் பல மடங்கு வேகமாக அந்த முனை குடிக்கும்.

மீதிக் கதையை நான் வைத்த சீலண்ட் முடித்து வைத்திருந்தது. ஏறியமைந்த பலகைகளின் கீழ் இடுக்கு, உள்ளே போன தண்ணீர் இறங்கி வெளியேறும் வழி. அதை நான் அடைத்துவிட்டேன். போன தண்ணீருக்கு வெளியேற ஒரே வழி பலகையின் ஊடாக, பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வருவதுதான். மேற்குச் சுவரில் மாலை வெயில் அடிக்கும்போது அந்தத் தள்ளல் இன்னும் வேகம் பிடிக்கும். நல்ல பெயிண்ட் அடித்த வருடம் சீக்கிரம் உரிந்ததன் காரணம் பெயிண்ட் இல்லை. ஜன்னலைச் சுற்றி, மூலைச் சட்டங்களை ஒட்டி, குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் சீலண்ட் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். பலகைக்குப் பலகை நடுவில் மட்டும் வேண்டாம். ஏற்கனவே பெயிண்டால் அடைபட்டிருந்தால் கத்தியால் கீறித் திறந்துவிடுங்கள்.

குளியலறைக்கு வெளியே இருந்த சுவரில் உரியவில்லை, கொப்புளங்கள் இருந்தன. கொப்புளத்தை வெட்டித் திறந்து பார்க்க வேண்டும். அடியில் பழைய பெயிண்ட் தெரிந்தால், வெயில் காயும் சுவரில் அடித்ததால் மேல் படலம் சீக்கிரம் இறுகி அடியிலிருந்த ஆவி சிக்கிக்கொண்டது என்று பொருள். வெறும் மரம் தெரிந்தால் ஈரம். எங்களுடையதில் மரம் தெரிந்தது, ஆனால் அந்தச் சுவரில் மழைத் தண்ணீர் நுழைய வழியே இல்லை. வெந்நீர்க் குளியலின் ஆவிதான் உள்சுவரைத் தாண்டி வந்து குளிர்ந்த பலகையின் பின்பக்கம் நீராகப் படிந்துகொண்டிருந்தது. அங்கே உடனே பெயிண்ட் அடிக்கவில்லை. ஆவியை வெளியேற்றும் மின்விசிறி ஒன்றைப் பொருத்தி, ஒரு பருவம் காத்திருந்தேன். அப்புறம்தான் பிரஷைத் தொட்டேன்.

மற்ற குறைகளுக்கு இவ்வளவு யோசனை தேவைப்படவில்லை. கறுப்புப் புள்ளிகள் பூஞ்சையா அழுக்கா என்று தெரிய, நீர்த்த பிளீச்சிங் கரைசல் ஒரு துளி வைத்தால் போதும். ஓரிரு நிமிடத்தில் கறுப்பு மறைந்தால் பூஞ்சை, நின்றால் அழுக்கு. பிளீச்சை அமோனியா உள்ள எந்தத் திரவத்தோடும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும். ஆணித்தலையிலிருந்து வழியும் காவிநிறக் கோடு துரு; ஆணியை மாற்றி, துத்தநாகம் தோய்த்த ஆணியோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணியோ அடிக்க வேண்டும். ஆணியைச் சுற்றி நீலக்கறுப்பாக இருந்தால் அது துரு மட்டுமல்ல, மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தது. கடுக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்தால் மை ஆவதும் இதே வேதியியல்தான். செடார் போன்ற மரங்களில் ஆணி இல்லாமலே பழுப்புக் கறை பெயிண்டின் ஊடே கசியும், அதற்குக் கறை தடுக்கும் பிரைமர் வேண்டும். கணுக்களிலிருந்து பிசின் வந்தால் அந்த இடத்தில் மட்டும் அரக்கில் செய்த ஷெல்லாக் பூசலாம்.

ஒரே ஒரு நிலைமையில்தான் திட்டுத் திட்டாகச் சரிசெய்ய முடியாது. மரத்தின் ரேகைக்குக் குறுக்கே, முதலைத் தோல்போல் பெயிண்ட் வெடித்திருந்தால், பல பத்தாண்டுகளாக அடித்த எண்ணெய்ப் பெயிண்ட் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்து விறைத்துப் போய்விட்டது என்று பொருள். அதன் மேல் இன்னொரு கோட் அடிப்பது சுமையைக் கூட்டுவதுதான். புதுப் பெயிண்ட் காயும்போது சுருங்கி, அடியில் ஏற்கனவே பிடி தளர்ந்த அடுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். மரம் தெரியும் வரை முழுவதும் எடுத்தே ஆக வேண்டும். பின்புறக் கதவை ஒட்டிய ஒரு சிறிய பகுதி எங்களுக்கு அப்படி இருந்தது. அதற்கே ஐந்து நாள் ஆனது.

மேற்குச் சுவர் வேலை இப்படி நடந்தது. காடியைச் சுரண்டித் திறந்தோம். தச்சர் அண்ணன் அதை இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டினார். நான்கு பலகைகளையும் கழற்றி நிழலில், காற்றோட்டத்தில் குச்சி வைத்து அடுக்கினோம். ஈரமானி 14 காட்ட மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. காத்திருப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. வானம் தெளிந்திருக்கும், கை பரபரக்கும், ஆனால் மரம் தயாராக இருக்காது.

பிறகு நல்ல பெயிண்ட் நிற்கும் விளிம்புகளை மரத்தோடு சரிவாக இறங்கும்படி தேய்த்தேன். விளிம்பு படிபோல் நின்றால் அங்கே படலம் மெலிந்து முதலில் அதுதான் வெடிக்கும். பலகையின் கூரான ஓரங்களையும் லேசாக மழுங்க விட்டேன். கூர்முனையில் பெயிண்ட் தங்காது. தேய்த்த அன்றே பிரைமர், முன்பக்கம் மட்டுமல்ல, பின்பக்கத்துக்கும். வெட்டுமுனைகளுக்கு இரண்டு முறை, மரம் இனி குடிக்காது என்று தெரியும் வரை. பலகைகளை மறுபடி பொருத்தும்போது பின்னால் மெல்லிய செங்குத்துச் சட்டங்கள் வைத்து, சுவருக்கும் பலகைக்கும் நடுவில் 15 மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம். பலகைகள் முன்னைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி வந்ததால் ஜன்னல் ஓரத்தில் ஒரு மெல்லிய சட்டம் சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் இனி உள்ளே போகும் தண்ணீருக்குக் கீழே இறங்க வழி உண்டு, காற்றும் ஓடும்.

மேல் கோட்டுக்கு வெளிச்சுவர் அக்ரிலிக் பெயிண்ட். அது மரத்தோடு சேர்ந்து நீளும், ஆவியையும் ஓரளவு வெளியே விடும். பிரைமர் அடித்து இரண்டு வாரத்துக்குள் முதல் கோட் போட்டுவிட வேண்டும், பிரைமரையே வெயிலில் காய விடக் கூடாது. வெயில் வீட்டைச் சுற்றி வருகிறது அல்லவா, அதன் பின்னாலேயே நானும் நிழலில் நிழலில் நகர்ந்து அடித்தேன். மாலையில் சூரியன் இறங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே நிறுத்திவிட்டேன். காயாத பெயிண்டின் மேல் பனி இறங்கினால் முகம் மங்கும், பிடிப்பும் கெடும். மேற்குச் சுவருக்கு எனக்குக் கிடைத்தது காலை நேரம் மட்டும்தான். இரண்டு கோட்டுக்கு நான்கு காலைகள்.

கழுவும் வேலைக்கு ஒருவர் அழுத்தத் தண்ணீர் இயந்திரம் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அந்த வேகத்தில் தண்ணீர் பலகை இடுக்கில் மேல்நோக்கிப் பாயும். மூன்று வாரம் உலர்த்தியது ஒரு மதியத்தில் போய்விடும்.

இது முடிந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பத்தாவது நாள் ஈரமானியோடு போய்ப் பார்க்கிறேன். நான்கு பலகைகளும் 13, 14-இல் நிற்கின்றன. பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. தெற்குச் சுவரில் மட்டும் ஒரு பலகையின் இடது முனையில் போன வாரம் 19 காட்டியது. உரியவில்லை, கொப்புளமும் இல்லை, கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. அந்த முனைக்கு நேர் மேலே கூரைத் தண்ணீர் ஓடும் தகரக் காடியின் மூட்டு இருக்கிறது. பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஏணியைத் தச்சர் அண்ணனிடமிருந்து நாளைக்கு வாங்கி வர வேண்டும்.